கொம்புக்குச் சாயம் பூசிய ஆம்ப்ளிபயர்

காரிமங்கலம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது.

மாதா தயவில் நானும் உன் அம்மாவும் நலம். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால், அம்மா போனைப் பிடுங்கி என் மானத்தை முதலில் வாங்கிவிடுவாள். அதனால் அயர்லாந்து திரும்பும் உன் சிநேகிதன் அருள்குமார் கையில், புளியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

இனி யார் வாசிக்கப் போகிறார்கள், என் கிடார் ஆம்ப்ளிபயரை விற்றுவிடுங்கள் என்று சொன்னாயே. பழைய ஆம்ப்ளிபயர்களை ரிப்பேர் செய்து விற்கிற முனிராஜ் என்பவர் ஓசூரிலிருந்து பார்க்க வருவதாகச் சொன்னார். வருகிறவர் முன்னால் அது அழுக்காக நிற்கலாமா? சந்தைக்கு ஓட்டும் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்குச் சாயம் பூசிப் பழகிய கை. வாசல் கேட்டுக்கு அடித்த பச்சை பெயின்டில் மீதி இருந்தது. இரண்டு கோட் அடித்தேன். பின்னால் நைந்து தொங்கிய காகிதத்தையும் சுரண்டி எடுத்தேன். புது பீரோ மாதிரி ஆகிவிட்டது.

மனிதர் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டார். பெயின்டர் என்றேன். அம்மா என்னைக் கை காட்டிவிட்டாள். நான் சுரண்டிய காகிதத்தில்தான் அது பிறந்த கதையே இருந்ததாம்.

ஆனால் கெட்டிக்காரர். பின்பலகையைக் கழற்றி, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வால்யூம் திருகும் பாகத்தின் முதுகில் பொறித்த எண்ணிலேயே அதைச் செய்த வருஷமும் வாரமும் இருக்குமாம். ஸ்பீக்கரிலும் அதே வருஷம். 1968. என்னைவிட இரண்டு வயது மூத்தது. அன்றிலிருந்து மரியாதையாகத்தான் தொடுகிறேன்.

உள்ளே எதுவும் மாற்றாத அசல் சாமானாம். பெயின்ட் அடிக்காமல் இருந்தால் ஒன்றரை லட்சம் போகும், இப்போது அதில் பாதிதான் என்றார். பாதிக்குக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அதுவே நல்ல விலைதான், கண்ணு. அவர் பஸ் ஏறியதும் அம்மா கேட்டாள், "வேணும்னேதான பூசுனீங்க?" இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. ஆனால் மத்தியானம் எனக்கு இரண்டு முட்டை வைத்தாள்.

சும்மா கிடந்தால் கெட்டுவிடும், அவ்வப்போது சுவிட்சைப் போட்டு வையுங்கள் என்று முனிராஜ் சொல்லிப் போனார். அதனால் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போடுகிறேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சின்ன பல்பு மாதிரி இருக்கும் வால்வுகள் சிவக்கும். பிறகு 'ம்ம்' என்று ஒரு சத்தம், யாரோ கதை கேட்க உட்கார்ந்த மாதிரி. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டுப் போவாள். இப்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா பார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆம்ப்ளிபயருக்கு வயதாக ஆக மதிப்பு கூடுமாம், காத்திருக்கும். எங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மாதா உன்னைக் காப்பாளாக. அங்கே குளிர் அதிகம் என்கிறாய். வெளியே போகும்போது கையுறை போட்டுக்கொள், கண்ணு. அந்த விரல்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

உன் அப்பா,
பெயின்டர் சவுரியப்பன்