அப்பாவின் சட்டையைத் துவைத்துவிட்டார்கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். என் முழங்கால் வலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி கிளம்புவதாக இல்லை. தம்பி ஒழுங்காக வேலைக்குப் போகிறான், என் சமையலில்தான் இன்னும் குறை சொல்கிறான்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மியூசியத்தில் நம் தெருவையும் கீழத்தெருவையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் என்று சொன்னேன் இல்லையா. அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது, நம்முடையது அவர்களுக்குத் தெரியாது, இத்தனை வருஷமாக ஒரே பஸ்ஸுக்கு நின்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்போம். அப்பா சட்டையைக் குடும்மா, நான் வரும்போது அங்கேயே பாத்துக்கறேன் என்று நீயும் சொன்னாய். அப்பா கடைசியாகப் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையைக் கொடுத்தேன். அப்பா தவறிப்போனபோது உன்னால் வர முடியவில்லை, நீ வந்து ஒரு தடவை முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அதைத் தண்ணீர் படாமல் வைத்திருந்தேன்.

திறப்பு நாளன்று போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை பளிச்சென்று தொங்குகிறது. காலர் அழுக்கும் இல்லை, கிரீஸ் கறையும் இல்லை. பூச்சி அரிக்காம இருக்க எதையும் சுத்தம் பண்ணித்தான் வைப்போம், நல்லா இருக்குல்லம்மா என்று மியூசியப் பெண் ஆசையாகக் கேட்கிறாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழத்தெருக்காரி ஒருத்தி தன் அம்மா சமைத்த பானையைக் கொடுத்திருந்தாள், அதன் அடிக்கரியையும் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பானையின் அடியைத் தடவித் தடவி, கரி ஒட்டாத விரலை என்னிடம் காட்டினாள். நான் சட்டையை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினேன், சோப்பு வாசனைதான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம். தெரியாம பண்ணிட்டோம்மா என்று மியூசியப் பெண்ணும் அழுதாள், பாவம். இப்போதெல்லாம் இதுல எதைத் தொடக் கூடாது என்று மேஜையிலேயே கேட்டுக்கொண்டுதான் பொருளை வாங்குகிறார்கள். நமக்குப் போனது போனதுதான்.

திறப்புக்கு மறுநாள் அந்தக் கீழத்தெருக்காரி வீடு தேடி வந்து, பைக்குள்ளிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். முதுகில் அப்பா சட்டையில் இருந்த அதே பட்டறை முத்திரை. அவள் வீட்டுக்காரர் முந்தின நாள் கழற்றிப் போட்டது என்று சைகையில் காட்டினாள். முகத்தில் வைத்துப் பார்த்தேன், அதே கிரீஸ், அதே இரும்பு வாசனை. அப்பா மட்டும் இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குப் பாஷையும் இல்லை, மனசும் வரவில்லை. ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் துவைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். இப்போது பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள்.

உனக்கென்று வைத்திருந்ததை நான் காப்பாற்றவில்லையடி. கோபம் வந்தால் என்னைத் திட்டிவிடு, சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நல்லா இருங்கள். இன்னொன்று, மறந்துவிடாதே, குட்டி போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா