நூலகமாகப் போகும் நீச்சல்குளம்

சியாயி
ஜூலை 24, 1994

அன்புள்ள யுன்ஜிங் அக்காவுக்கு,

பெய்ரு எழுதுகிறேன். கீலுங்கில் மழை விடவே இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். நனையாமல் இருக்கிறாயா? மாட்சு தீவுக் கப்பலில் டிக்கெட் சரிபார்க்கிற உனக்கு ஒரு தபால்தலை ஒட்ட நேரமில்லையா என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை, அம்மாதான்.

முக்கியமான செய்தி. உன் கல்லூரி நீச்சல்குளத்தை மண் கொட்டி மூடப்போகிறார்கள். அதன்மேல் நான்கு மாடி நூலகம் வருகிறது. கேட்டவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது; உன் பட்டம் அந்தத் தண்ணீருக்குள்தானே கிடக்கிறது என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

நீச்சல் ஆசிரியர் கோங் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். எல்லாப் பாடத்திலும் தேறி நீச்சலில் மட்டும் நின்றுபோனவர்களுக்கு ஆகஸ்ட் 27 அன்று கடைசிச் சோதனையாம். அதற்குப் பிறகு புதுக்குளம் கட்டும்வரை தேறாத யாருக்கும் பட்டம் கிடையாது. "நாய் மாதிரி நீந்தினாக்கூடப் போதும் சார். நடுவுல காலை ஊன்றாம ஐம்பது மீட்டர் வந்துட்டா நான் கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார். அப்பா தான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இன்னும் ஆசிரியர் யாரையும் நியமிக்கவில்லை. யாருக்காக என்று உனக்கே தெரியும்.

நான் எங்கள் பள்ளி மலருக்கு அந்தக் குளத்தின் வரலாற்றை எழுதுகிறேன். உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. உடனே பதில் போடு.

உன் தங்கை,
பெய்ரு

*

கீலுங்
ஆகஸ்ட் 2

என் புத்தகப்புழுவுக்கு,

மழையில்தான் இருக்கிறேன், ஊறவில்லை. அம்மா அனுப்பிய பன்றி இறைச்சி வற்றல் வந்தது. பாதியை மாலுமிகள் தின்றுவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லாதே.

27ஆம் தேதி கப்பலில் வேலை இருக்கலாம். பார்க்கிறேன். குளத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. தண்ணீர் பச்சையாக இருக்கும், கண் எரியும், வேறு என்ன இருக்கிறது?

அக்கா

*

சியாயி
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

"பார்க்கிறேன்" என்றால் வருவாயா, மாட்டாயா? உன் கடிதத்தை மடித்து மடித்து அது நடுவில் கிழிந்தே போய்விட்டது.

குளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, கேள். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அது நீந்துவதற்காகத் தோண்டியதே இல்லை. தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் சேர்த்து வைத்த தொட்டி. போருக்குப் பிறகு அங்கே தங்கிய சிப்பாய்கள் அதில் வாத்து வளர்த்தார்கள். பிறகுதான் ஓடு பதித்துக் குளமாக்கினார்கள். பெண்கள் நீந்தும் நாட்களில் சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டுவார்களாம். ஒரு கோடை விடுமுறையில் மாணவர்கள் சிலர் ஆற்றுக்குப் போய் மூழ்கி இறந்தார்கள். நீந்தத் தெரியாதவருக்குப் பட்டமில்லை என்ற விதி அந்த வருடம்தான் வந்தது. அக்கா, அந்த விதியை நாமெல்லாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்.

இனி வீட்டுச் செய்தி. இறந்தவர்களின் ஆவிகள் உலாவும் பேய் மாதம் பிறந்துவிட்டது. இந்த மாதத்தில் நீ தண்ணீரில் இறங்கவே கூடாது என்கிறாள் அம்மா. போன வருடச் சோதனையில் நீ பாதியில் நின்றது பயத்தால் இல்லையாம். தண்ணீர்ப் பேய் காலைப் பிடித்துவிட்டதாம். உன் பழைய சட்டை ஒன்றைக் கோயிலுக்கு எடுத்துப் போய், பயந்து போன உயிரைத் திரும்பக் கூப்பிடும் சடங்கை இரண்டு முறை செய்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் அவளோடு சண்டையே போட்டேன். "அதான் ரெண்டு தடவை உயிரைக் கூப்பிட்டாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டேன். அவள் நெடுநேரம் கீரை ஆய்ந்துவிட்டு, "சரி, வரட்டும். நான் தாயத்தோட வாசல்ல நிக்கிறேன். ஆனா உள்ள வரமாட்டேன்" என்றாள்.

அம்மாவையே சம்மதிக்க வைத்துவிட்டேன். சோதனைப் பட்டியலுக்கு உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். எனக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. நீ வந்தால் மட்டும் போதும்.

பெய்ரு

*

கீலுங்
ஆகஸ்ட் 19

பெய்ரு,

என்னைக் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாய். கோபம் வந்தது. சட்டையைப் பற்றிப் படித்ததும் கோபம் போய்விட்டது, ஆனால் அதற்குப் பிறகு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பேயும் இல்லை, பயமும் இல்லை. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். இங்கே தினமும் காலையில் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நீந்துகிறேன். போன வருடச் சோதனையில் குளத்தின் அந்தப் பக்கச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தொட்டால் பட்டம், பட்டம் வந்தால் மூன்றாம் வகுப்பு, அப்பாவின் மேசைக்குப் பக்கத்து மேசை, முப்பது வருடம். மூச்சு முட்டியது தண்ணீரால் இல்லை. காலைக் கீழே வைத்தேன். கோங் ஊதலை ஊதினார்.

மன்னிப்புக் கேட்கவில்லை, பெய்ரு. மறுபடி அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அம்மா கோயிலுக்கு நடக்கிறாள் என்றால் இனி சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நான் வரமாட்டேன். நீ இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன்.

யுன்ஜிங்

*

சியாயி
ஆகஸ்ட் 28

அக்கா,

நீ அப்பாவுக்கு எழுதுவாய் என்று தினமும் தபால்காரர் பின்னால் ஓடினேன். எழுதவில்லை. எனவே நேற்று காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார், அம்மா தாயத்தை எடுத்துக்கொண்டாள், நானும் வாயை மூடிக்கொண்டு கூடவே போனேன். ஒருவேளை நீ வந்துவிடுவாய் என்று வழியெல்லாம் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

குளத்து ஓடுகள் பாதி பெயர்ந்து கிடந்தன. சோதனைக்கு வந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் தேறிவிட்டார்கள், ஒருவன் உண்மையிலேயே நாய் மாதிரி. கோங் உன் பெயரைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்பா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நிழல் நகர்ந்து வெயில் அவர் முகத்தில் அடித்தது. எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, அக்கா வரமாட்டா. அவளுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீந்தத் தெரியும். வாய்க்கால்ல அவளுக்கு நீச்சல் கத்துக்கொடுத்தது யாருன்னு நெனச்ச?" என்றார். "போன வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நல்லா வந்துக்கிட்டிருந்தா. அவளாத்தான் நின்னா."

நான் கேட்டேன்: "தெரிஞ்சும் ஏம்பா இன்னிக்கு வந்தீங்க?"

"மனசு மாறி வந்திருந்தா? வந்து பார்க்கிறப்ப வீட்டு ஆளுங்க யாருமே இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

கோங் தலையைச் சொறிந்துகொண்டே உன் பெயருக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதப் போனார். அப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தார். "அப்படி எழுதாதீங்க. 'வரவில்லை'ன்னு எழுதுங்க. அதுதான் உண்மை" என்றார். கோங் அப்படியே எழுதினார்.

வாசலில் நின்ற அம்மாவிடம் அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். அவள் தாயத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் சாப்பிடும்போது, "அந்த மாலுமிங்க அவளுக்கு ஒழுங்கா சாப்பாடு போடறாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

குளத்தை மூட லாரியில் மண் வந்துவிட்டது. என் கட்டுரையில் வாத்துகள் இருக்கின்றன, மூங்கில் தட்டி இருக்கிறது, ஆற்றில் மூழ்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். உன்னை அதில் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவள் நான் இல்லை. ஆனால் அப்பாவுக்கு நீ எழுத வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

இன்று காலை அப்பா மூன்றாம் வகுப்புக்கு வெளியூர் ஆசிரியை ஒருவரை நியமித்துவிட்டு வந்தார். பிறகு, "பெய்ரு, உனக்கு என்ன ஆகணும்னு ஆசை?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளியில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். அப்பா காத்திருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா.

பெய்ரு