அக்காவின் வெள்ளிச் சங்கு

ஜூலை 8, செவ்வாய்
விடாத மழை. துணி காயவில்லை. மாளு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. பால் உள்ளே போனதும் வாந்தி. ஏழு மாதக் குழந்தை, துவண்டு கிடக்கிறாள். நாத்தனார் கோமதி அக்கா கஷாயம் வைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

9, புதன்
ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இரத்தத்தில் கால்சியம் அதிகமாம். நல்லதுதானே என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். கையில் ஊசி, சலைன். அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு.
காரணம்? கழுத்துச் சுரப்பியாக இருக்கலாம், பிறவிக் கோளாறாக இருக்கலாம், வைட்டமின் டி மருந்து மிஞ்சியிருக்கலாம். மூன்றாவதற்கு வழியில்லை. நான் ஆபீஸ் போனதிலிருந்து மருந்து அக்கா பொறுப்பு, அத்தனை கவனம். பயம்.
கொண்டுவர: ப்ளாஸ்க், துண்டு, சார்ஜர். லீவு மெயில்.

10, வியாழன்
டாக்டரம்மா அக்காவிடம், "சேச்சி, மருந்து எத்ர துள்ளி?" எத்தனை துளி என்று மலையாளத்தில்.
"துளியா? தினம் ஒரு சங்காக்கும். ஒரு நாள் விட்டதில்லை."
"குப்பியோட வந்த துளிக்குழாய் எங்கே அக்கா?" என்றேன்.
"கொழந்தை வாயில வச்சதை மறுபடி குப்பிக்குள்ள விடறதாவது! எச்சில். முதல் நாளே தூக்கி எறிஞ்சேன்."
டாக்டரம்மா அக்கா பையிலிருந்த வெள்ளிச் சங்கில் தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தார். எழுதித் தந்தது சில துளி; சங்கில் நூறுக்கு மேல்.
வாரத்துக்கு இரண்டு குப்பி தீர்ந்திருக்கிறது. தீர்ந்தது என்பாள், இவர் சாலைக் கடைத்தெருவில் வாங்கி வருவார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.
கோபம் கோபமாக வந்தது. இனி மாளுவை அவளிடம் விடமாட்டேன், வேலையை விட்டாலும் விடுவேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

12, சனி
சுரப்பி சரியாக இருக்கிறது. வைட்டமின் டி-தான் எக்கச்சக்கம். மருந்து நிறுத்தியாயிற்று, கால்சியம் இறங்குகிறது. இன்று வெளிக்குப் போனாள்! இதற்கெல்லாம் நர்ஸைக் கட்டிக்கொள்வேன் என்று நினைத்ததில்லை.
இவர் மெதுவாக, "அக்கா ரெண்டு நாளா சாப்பிடலை, கேட்டியா."
கேட்டது. மாளுவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

15, செவ்வாய்
வலியசாலைக்கு, வீட்டுக்கு. வெயில். அக்கா அடுக்களை வாசலிலேயே நின்றாள், கிட்டே வரவில்லை. மாளு அவளைப் பார்த்துத் தாவினாள். பிடித்து வைக்கப் பார்த்தேன், திமிறினாள்.
"வாங்கிக்கோங்கோ அக்கா."
"நானா?"
வாங்கிக்கொண்டாள். மாளு தன் வாயிலிருந்த விரல்களை, எச்சில் ஒழுக ஒழுக, அப்படியே அக்கா வாய்க்குள் திணித்தாள். தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கிறவள். துடைத்துக்கொள்ளவே இல்லை.
நாளை ஆபீஸ்.