திலகத்துக்குப் பிள்ளை பிறக்கவில்லை

3 மார்ச் 1986, திங்கள்
காலைப் பசியாறும்போது திலகம் சொன்னாள்: நாளை கோலாலம்பூரில் ஆபரேஷன். மார்பைப் பெரிதாக்கிக்கொள்ளப் போகிறாளாம்.
யாருக்காக என்று கேட்டேன்.
“எனக்காகத்தாம்மா.”
முப்பத்தாறு வயது. ரவாங் தொழிற்சாலை ஆபீசில் கௌரவமான வேலை. கல்யாணம் வேண்டாம் என்றவளுக்கு இது எதற்கு? அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால்? தோட்டத்துக் கணக்கையெல்லாம் பார்த்த பெரிய கிராணி சிவானந்தம் என்றால் இந்தக் கோலசிலாங்கூரில் இன்றும் எழுந்து நிற்பார்கள். கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு, பெண் ஒருத்தி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவது அழகில்லை என்பதால் வருகிறேன் என்றேன். அதற்காக மட்டும்.

4 மார்ச், செவ்வாய்
டாக்டர் ஒரு சின்ன ஜெல்லிப் பையை என் உள்ளங்கையில் வைத்தார். இதைத்தான் உள்ளே வைப்பார்களாம். நம் ஊர் வெயிலில் உருகுமா என்று கேட்டேன். உருகாது. குப்புற விழுந்தால் வெடிக்குமா? சாதாரணமாக விழுந்தால் வெடிக்காது. விமானத்தில்? பறக்கலாம்.
முதலில் நெஞ்சின் மேல் கல்லை ஏற்றியதுபோல் இறுக்கும். வீங்கும். சில இடங்களில் உணர்ச்சி மரத்துப்போகலாம். கையைத் தூக்கக் கூடாது, தலையணையில் சாய்ந்துதான் தூங்க வேண்டும். நாளாக ஆகத்தான் இளகிப் படியும். சிலருக்குக் கெட்டியாகி மறுபடி வெட்ட வேண்டியும் வரலாம். பிற்காலத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அது தேவையற்ற தகவல் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

6 மார்ச், வியாழன்
டாக்சியில் வீடு வந்தோம். மார்பைச் சுற்றி இறுக்கமான கட்டு. கட்டு மாற்றும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டே பஞ்சை நீட்டினேன். பாதிக் கையைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அவளே சுற்றிக்கொண்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நல்லம்மாள், “மவளுக்கு என்ன கிராணியம்மா?” என்றாள்.
பித்தப்பையில் கல் என்றேன். எடுபட்டது.

8 மார்ச், சனி
நல்லம்மாள் திலகத்தைப் பார்க்க வந்தாள். கட்டைப் பார்த்தாள், உடனே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் வாழையிலை நிறைய மல்லிகை கொண்டுவந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவளிடம் இவ்வளவு நயமா! கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் விட்டு ஹாலில் வைத்தேன்.

9 மார்ச், ஞாயிறு
இன்றும் மல்லிகை. கிண்ணத்தைப் பார்த்ததும் நல்லம்மாளுக்கு முகம் மாறிவிட்டது.
“அழகுக்கா குடுத்தேன்? நெஞ்சுல வச்சுக் கட்டுங்கம்மா. ரெண்டு நாள்ல வத்திடும்.”
“என்ன வற்றும்?”
“பாலுதான். பிள்ளையத்தான் குடுத்தாச்சே, கட்டிக்கிட்டு வலிக்குமில்ல? லயத்துல இதான் செய்வோம். நான் யாருகிட்டயும் மூச்சு விடல லா.”
அப்படியென்றால் தெரு முழுக்கத் தெரியும்.
என்ன பேசறா இவ? என் பொண்ணு... என் வீட்டுல... கடவுளே, பித்தப்பைன்னு சொன்ன வாய்க்கு இது வேணும்.
திலகம் மார்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “அம்மா, சிரிக்க வைக்காதீங்க, தையல் விட்டுடும்.”

11 மார்ச், செவ்வாய்
கோயிலில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். சகிக்கவில்லை.

13 மார்ச், வியாழன்
லோரி ஓட்டும் செல்லனின் மனைவி நவமணி வந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளையில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.
“பிள்ளைய எந்த ஹோம்ல விட்டீங்க கிராணியம்மா? எங்களுக்குக் குடுத்துடுங்க. பையனோ பொண்ணோ, அப்பன் யாராயிருந்தாலும் சரி. தொட்டிலுக்கு ஸ்பிரிங்கூட மாட்டியாச்சு.”
துரத்தியிருப்பேன். அந்த ஸ்பிரிங்கைச் சொன்ன பிறகு முடியவில்லை. பித்தப்பை என்று மறுபடி சொன்னால் ஹோம் ஹோமாகத் தேடி அலைவாள். நடந்ததைச் சொன்னேன்.
“உள்ள வச்சுத் தச்சிருக்கா? ரப்பரா?”
“சிலிக்கான்.”
“குடுக்க மனசில்லேன்னா நேராச் சொல்லிடுங்கம்மா. அதுக்கு இப்படியா கதை கட்டுவீங்க?”
அழுதுவிட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக என் சொல்லை ஒருத்தி நம்பவில்லை. அதுவும் உண்மையை.
அறையிலிருந்து திலகம் கூப்பிட்டாள். “நவமணிக்கா, உள்ள வாங்க.”
கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் வீட்டில், என் பெண்ணின் அறைக்கு வெளியே நான் நின்றேன். பிறகு, “ஐயோ, நெசந்தான் லா!” சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. நெடுநேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.
போகும்போது நவமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஸ்பிரிங்க இன்னிக்கே கழட்டச் சொல்லணும். பாவம் கிராணியம்மா, எவ்வளவு வலிச்சிருக்கும் அவளுக்கு. நீங்க பாத்திருப்பீங்களே.”
தலையாட்டினேன்.

14 மார்ச், வெள்ளி
திலகத்தின் கதவைத் தட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன், கட்டை நானே மாற்றுகிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருக்கிறது. இடப்பக்கம் வீக்கம் கொஞ்சம் அதிகம், அதைச் சொன்னேன். தையல் ஒழுங்காக, நெருக்கமாக விழுந்திருக்கிறது, அதையும் சொன்னேன்.
“அசிங்கமா இருக்காம்மா?”
“அசிங்கமாக இருந்தால் சொல்லாமல் விடுவேனா?”
கட்டு முடிந்ததும் பழைய துணியை அலசிப் போடக் கொல்லைக்குப் போனேன். நல்லம்மாள் வேலியோரம் வந்தாள். மகளுக்கு இப்போது எப்படி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.
நான் தாழ்த்தவில்லை. “திலகத்தின் பித்தப்பைக்கு ஒன்றுமில்லை, நல்லம்மாள். மார்பைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள். நன்றாக வந்திருக்கிறது.”