செம்புக்குள் இரண்டாவது அலை

3 ஜூலை 2025, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கணினிக்குள் ஒரு செம்புப் படிகத்தை அணு அணுவாக அடுக்கி, ஒரு பக்கத்தில் ஓங்கி ஒரு அடி. அதிர்ச்சி அலை அணுக்களை நசுக்கிக்கொண்டே மறுமுனைக்கு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, அடித்த பக்கத்திலிருந்தே இன்னொரு அலை. நான் மறுபடி அடிக்கவே இல்லை — பின்னே யார் அடித்தது?

4 ஜூலை

என் வழிகாட்டி ரேணுகாம்பாள் மேடத்திடம் போனில் சொன்னேன். "எழில், இது மட்டும் நிஜம்னா உன் ரெவ்யூ கவலையெல்லாம் தீர்ந்துதும்மா" என்றார். மாதக் கடைசியில் ஆய்வுக் குழு முன் நிற்க வேண்டும். காட்ட ஏதும் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். ஆராய்ச்சியும் நின்ற மாதிரிதான். இன்று எங்கள் ஊர் வேங்கிக்காலில் என்னை விடப் பெரிய விஞ்ஞானி கிடையாது. என் வீட்டுக்காரர் கோபி மட்டும், கேஸ் புக் பண்ண மறந்ததற்குத் திட்டினார்.

8 ஜூலை

அலைக்குப் பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். அதில் என் பெயர் வருவது தற்செயல்.

10 ஜூலை, பௌர்ணமி

கிரிவலம் வருகிறவர்களுக்கு அடி அண்ணாமலையில் கோபியின் நண்பர்கள் மோர் கொடுக்கிறார்கள். நானும் போய் நின்றேன். மதியம் முறுக்கு மீசையும் சிவப்புத் தலைப்பாகையுமாக ஒருவர் வந்து, உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அச்சு அசலாக அதே மீசையில் இன்னொருவர்.

"ரெட்டைப் பிறவி போல. அண்ணன் மதியமே போயிட்டாரு" என்றேன்.

"அண்ணனாவது தம்பியாவது. அதே ஆளுதான், ரெண்டாவது சுத்து வர்றாரு" என்றார் கோபி.

மீசைக்காரருக்கு ஊற்றிய மோரை நானே குடித்துவிட்டேன்.

சின்னப் படிகத்தை முடிவில்லாததாகக் காட்ட, கணினிக்குள் அது இருக்கும் பெட்டியின் வலது ஓரத்தை இடது ஓரத்தோடு இணைத்துவிடுவது எங்கள் வழக்கம். வலப்பக்கம் வெளியேறுவது இடப்பக்கம் நுழையும். அலை ஓடும் திசையில் மட்டும் அந்த இணைப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்தேனா? ஐயோ, எடுக்கலையே. என் அலையும் சுத்திட்டுத்தான் வந்திருக்கு.

11 ஜூலை

இணைப்பை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒரே அலை. போனது போனதுதான். அழுதேன், சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதேன். மேடத்திடம் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே, சனியன்.

12 ஜூலை

சொல்லிவிட்டேன். "அந்த ரெண்டு அலை வர்ற தப்பான படத்தை அழிச்சிடாதம்மா. ரெவ்யூல அதைத்தான் முதல்ல காட்டப் போற" என்றார். கிண்டலா, தண்டனையா, தெரியவில்லை.

30 ஜூலை

ரெவ்யூவுக்குச் சென்னை போய் வந்தேன். முதலில் தப்பான படம், அப்புறம் சரியான படம், எப்படிப் பிடித்தேன் என்ற கதை. குழுவே சிரித்தது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியரைத் தவிர. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

உதவித்தொகையைத் தொடரலாம் என்று சொன்னார்கள். வெளியே வந்ததும் அந்தப் பேராசிரியர் பின்னாலேயே வந்து, நான் எதை எப்படித் திருத்தினேன் என்று தனக்கு மெயிலில் அனுப்ப முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய பழைய கட்டுரை ஒன்றிலும் இரண்டாவது அலை இருக்கிறதாம்.