உன் தம்பி கிடந்த பட்டினி

தோங்யோங்,
ஆகஸ்டு, மழை விட்ட மறுநாள்

அன்புள்ள போரம்,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நாரியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு முதல் நினைப்பு எப்போதும் அதுதான். எங்களைப் பற்றி நலம் என்று எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும், அதனால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகம் திரையில் வந்தால் எனக்கு வானிலையைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா வேறு என் காலை மிதித்துக்கொண்டே இருப்பாள்.

விஷயம் இதுதான். போன வாரம் நீ அம்மாவிடம் சொன்னதைக் கூடத்தில் படுத்தபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "பிள்ளை பொறந்து அஞ்சு மாசமாச்சும்மா, பழைய துணி ஒண்ணும் ஏற மாட்டேங்குது, ஒரு வேளைதான் சாப்பிடறேன், அப்பவும் எடை நின்ன எடத்துலயே நிக்குது, இனிமே அதையும் பாதியாக்கப் போறேன்" என்றாய். உன் அம்மா ஆய்ந்துகொண்டிருந்த நெத்திலியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாளே, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நினைத்திருப்பாய். அவள் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். காரணம் உனக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் இந்த வருஷம் உன் தம்பி ஹான்சோலுக்கு நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. நீ நிறைமாதமாக இருந்தாய். "அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று அவன் எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டான். உன் அம்மா இன்னும் அதைக் காப்பாற்றுகிறாள். நான் இன்றைக்கு உடைக்கிறேன்.

என் கல்லீரல் கெட்டுப்போனதும் வயிற்றில் நீர் கட்டுவதும் நீ அறிந்ததுதான். மாற்று ஈரலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருந்தோம். அந்த வரிசை என் ஆயுளைவிட நீளம் என்பதைச் சொல்லவில்லை. உன் அம்மா தன் ஈரலில் ஒரு பங்கைத் தருகிறேன் என்று போனாள், அவள் ஈரல் அளவில் சிறியது, ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். புத்தாண்டு கழிந்த கையோடு ஹான்சோல் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூசானுக்குப் பஸ் ஏறிப் போய்த் தன்னைச் சோதித்துக்கொண்டு வந்தான். அங்கே என்னைப் பார்க்கும் டாக்டர் பியோ அம்மாள் அவனிடம், "ரத்தம் பொருந்துது, அளவு பொருந்துது, ஆனா ஈரல்ல கொழுப்பு ஏறிக் கிடக்கு தம்பி, இதை வெட்டி எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, உங்க அப்பாவுக்கும் ஆபத்து. பத்துல ஒரு பங்கு எடையை இறக்கிட்டு வாங்க, அவசரப்படாம" என்றாராம். சோறு அரைக் கிண்ணம், மீன், சோயாக்கட்டி, கீரை, தினம் நடை, இவ்வளவுதான் மருந்து. தேன்பன் கடையில் வேலை செய்கிறவனுக்கு, அதிலும் காலையில் பொரித்த முதல் பன் பதம் பார்க்க, இரண்டாவது பசியாற என்று சட்டம் வைத்திருந்த நம் ஹான்சோலுக்கு, அதுவே பெரிய தண்டனை என்றுதான் நான் நினைத்தேன்.

அவன் கணக்கு வேறாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து நான் ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் கட்டில் ஓரம் நின்றுகொண்டு அவன் அம்மாவிடம், "அரைக் கிண்ணம் தின்னா மூணு மாசம்னா, கிண்ணமே இல்லாட்டி ஒரு மாசந்தானே, அதுவரைக்கும் அப்பா தாங்கணும்ல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக் கிடந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்தான். அன்றிலிருந்து இலைக்கோசு, வெள்ளரிக்காய், கிழங்குப் பசையில் செய்த அந்த ருசியில்லாத ஜெல்லி, பால் சர்க்கரை போடாத காபி, அவ்வளவுதான். முதலில் எடை விறுவிறுவென்று இறங்கியது. வீடே திருவிழாவாக இருந்தது. மீன் சந்தை முனையில் சிப்பி விற்கிற பூல்-தே அத்தை அவனைப் பார்த்துவிட்டு, "டேய் தடியா, கன்னத்தை எங்கடா தொலைச்சே, பொண்ணு கிண்ணு பாத்தாச்சா" என்று கத்த, இவன், "அப்பாகிட்ட அடகு வெச்சிருக்கேன் அத்தை, ஆபரேசன் முடிஞ்சதும் மீட்டுக்குவேன்" என்றானாம். சந்தையே சிரித்ததாக உன் அம்மா வந்து சொன்னாள்.

அப்புறம் ஒரு நாள் எடை நின்றுவிட்டது. சாப்பிடுவது அதே வெள்ளரிக்காய், முள் மட்டும் நகரவில்லை. எழுந்ததும் ஏறிப் பார்ப்பான், குளித்துவிட்டு ஏறிப் பார்ப்பான், எடைப் பொறியில்தான் கோளாறு என்று பக்கத்து வீட்டுப் பொறியை வாங்கி வந்து ஏறிப் பார்ப்பான். நகரவில்லை என்றதும் காலை வெள்ளரிக்காயையும் நிறுத்தினான். செர்ரி பூத்து ஊரே வெறும் சட்டையோடு திரிகிறபோது இவன் பஞ்சு வைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, குளிர்காலத்தில் செய்வதுபோல் வீட்டுத் தரையைச் சூடாக்கச் சொல்லி, அதன்மேல் சுருண்டு கிடந்தான். குளித்த இடத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. நம் வீட்டுப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறவன், பாதிப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மீதியை ஏறுவான். நான் கஞ்சி குடிக்கிற சத்தம்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் பட்டினி கிடந்தது எனக்காக, என்னைச் சாப்பிடச் சொல்லி எல்லாரும் துரத்தியதும் எனக்காக, அந்த மேஜையில் எப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை போரம்.

உன் அம்மாவுக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்லாதே, சாப்பிடாமல் இருந்தால் இளைக்க வேண்டும் என்பதுதானே உலகம் அறிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உண்மையைச் சொல்லுடா, கடையில பன்னை எடுத்து வாயில போட்டுக்கறியா, பச்சைத்தண்ணியை வெச்சுக்கிட்டு யாருக்கும் எடை இப்படி நிக்காது" என்று கேட்டுவிட்டாள். அவன் கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. தன் இரண்டு கையையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாரும்மா, வாசனை இருக்கும், தின்ன வாசனை இல்ல, பொரிச்ச வாசனை" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அந்த வாரமே விழுந்தான். கடை முதலாளி மா அம்மாள் சொன்னதை வைத்து எழுதுகிறேன், பன்னைத் திருப்பிக்கொண்டு நின்றவன் யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் தூக்கினானாம், அப்படியே சரிந்தானாம். எண்ணெய்ச் சட்டி அவன் பக்கம் கவிழாமல் அந்தப்புறம் கவிழ்ந்தது நம் முன்னோர் செய்த புண்ணியம், தெறித்த சூடு இடது முன்னங்கையோடு போயிற்று. காயத்துக்குக் கட்டுப் போட்ட ஊர் ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பைப் பார்த்து அலறிப் பூசானுக்கு அனுப்பினார்கள். இருபத்தொன்பது வயசு ஆளுக்கு நாடி கிழவனுக்குப்போல் மெதுவாக அடித்ததாம்.

டாக்டர் பியோ அம்மாள் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். "அரைக் கிண்ணம்னுதானே சொன்னேன், கிண்ணத்தைக் கடல்ல போடச் சொன்னேனா" என்று அவனைப் பிடித்தவர், உன் அம்மா அந்தப் பன் சந்தேகத்தை மெல்ல எடுத்ததும் அவள் பக்கம் திரும்பி, "உங்க புள்ள திருட்டுத்தனமா ஒண்ணும் தின்னலம்மா. சோறு வரத்து நின்னுபோச்சுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சிடுது, அதனால செலவைச் சுருக்கிடுது. குளிருது, முடி கொட்டுது, கை கால் அசைக்கத் தோணலை, நாடி மெதுவாகுது, எல்லாம் அந்தச் சுருக்கல்தான். அதுக்குன்னு எரியறது சுத்தமா நின்னுடாது, பட்டினி கிடக்கறவன் கடைசில இளைக்கத்தான் செய்வான். ஆனா நினைச்ச அளவு இறங்காது, இறங்கினதுலயும் பாதி கொழுப்பு இல்ல, சதை. போதாததுக்கு ஒடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், உள்ள கரைஞ்சாக்கூட முள் அசையாது. இவரு முள்ளைப் பாத்து மிரண்டு இன்னும் குறைச்சாரு" என்றார். எனக்குப் புரிந்தவரை, எண்ணெய் தீரப்போகிறது என்று தெரிந்தால் படகுக்காரன் இன்ஜினைத் தணித்துப் பிடித்துக்கொண்டு ஊர்வான், அதைத்தான் அவன் உடம்பும் செய்திருக்கிறது. ஈரல் சோதனை முன்னைவிட மோசம். இப்போதைக்கு இவரிடமிருந்து எடுக்க முடியாது, முதலில் சாப்பிட வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சாப்பிட வைப்பது சுலபம் என்றா நினைக்கிறாய். அவனுக்குச் சோற்றைக் கண்டால் பயம். ஒரு கரண்டி வைத்தால் அதைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருப்பான், "இதைத் தின்னா ஏறிடும்பா, அப்புறம் எப்ப இறங்கறது, உங்களுக்கு எவ்வளவு நாள் இருக்குன்னு நினைக்கறீங்க" என்பான். பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அவன் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, என் மகனின் ஈரல் எனக்கு வேண்டாம், அவன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். போனை என் கையிலிருந்து பிடுங்கினான். "ஒருத்தன் உயிரை விட்டுப் பட்டினி கிடப்பான், நீங்க ஒரு போன்ல வேணாம்னுடுவீங்களா, யாரைக் கேட்டு வேணாங்கறீங்க" என்று கத்தினான். "செத்தவன்கிட்டேர்ந்து ஈரல் வாங்கி வாழ்ந்து நான் என்னடா செய்யறது" என்று நானும் கத்தினேன். மூச்சு வாங்கி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அப்போது உன் அம்மா காய்ந்த முள்ளங்கிக் கீரைச் சாற்றுப் பானையைக் கொண்டுவந்து நடுவில் டமாரென்று வைத்து, "ஒருத்தன் திங்காம சாவான், இன்னொருத்தன் குடுத்தாலும் வாங்காம சாவான், நல்ல அப்பன் நல்ல புள்ள, ரெண்டு பேரையும் பொதைச்சிட்டு நான் போரம் வீட்டுக்குப் போயிடறேன், அங்க நல்ல மீன் கிடைக்காட்டியும் பரவாயில்ல" என்றாள். ஹான்சோலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதான், அழுதுகொண்டே அந்தச் சாற்றில் சோற்றைப் போட்டுக் கரைத்துக் குடித்தான். நானும் குடித்தேன், எனக்குக் குமட்டியது, குடித்தேன்.

அடுத்த வாரம் எடை ஏறியது. இப்படி ஆகும், அது தண்ணீர், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தும் அவன் எடைப் பொறி மேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். உன் அம்மா அந்தப் பொறியைப் பூல்-தே அத்தை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள், அவள் அதில் சிப்பி நிறுக்கிறாளாம். பிறகு அரைக் கிண்ணம் சோறு, மீன், முட்டை, தினமும் துறைமுகம் சுற்றி நடை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கோட்டைக் கழற்றியதுதான் முதல் நல்ல சகுனம். பிறகு என் கஞ்சிச் சத்தம் அவன் காதில் விழாமல் போயிற்று. படியை ஒவ்வொன்றாக ஏறினான், நடுவில் உட்காரவில்லை. பழைய சூடு முழுசாக இன்னும் வரவில்லை, வர நாளாகும், அவனைப் போன்ற எடையுள்ள இன்னொருவனைவிடக் குறைவாகத்தான் அவன் உடம்பு இப்போதும் செலவழிக்கிறது என்கிறார் டாக்டர். விழுந்த அன்றைக்கு இருந்த எடைதான் இன்றைக்கும் ஏறக்குறைய இருக்கிறது. ஆனால் போன வியாழக்கிழமை எடுத்த படத்தில் ஈரல் கொழுப்பு அவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது. மயிரிழைதான், ஆனாலும் உள்ளே. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேசன், அதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நீ சந்தோஷப்படுவாய், எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அவன் தேறிவந்த இந்த உடம்பைத் திரும்பவும் கிழிக்கப்போகிறார்கள். வேண்டாம் என்று இனி நான் சொன்னால் அவன் பட்ட பாட்டையெல்லாம் தெருவில் கொட்டியதாகும், சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை, இரண்டுக்கும் நடுவில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் விஷயத்தையும் டாக்டரிடம் கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "பால் குடுக்கற பொண்ணு ஒரு வேளை சாப்பிடுதா, அடிக்க யாரும் இல்லையா அங்க" என்றார். பிள்ளைக்குக் கொடுப்பவள் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், எடை மெல்ல இறங்கினால் போதும், நின்றால் இன்னும் குறைக்காமல் அங்கே ஒரு டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும், இதுதான் அவர் சொன்னது. கை கால் குளிர்கிறதா, முடி கொட்டுகிறதா என்று மட்டும் எனக்கு மறைக்காமல் சொல். பிள்ளை பெற்றால் முடி கொட்டும் என்று சமாளிப்பாய், தெரியும், இருந்தாலும் சொல். அம்மா கடற்பாசியும் நெத்திலியும் உலர்ந்த முள்ளங்கிக் கீரையும் பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறாள், சுங்கத்தில் கேட்டால் மருந்து என்று சொல். கடற்பாசிச் சாற்றைப் பிரசவம் முடிந்த மாதத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய துணியை யாருக்காவது கொடுத்துவிடு.

நீ பறந்து வர வேண்டாம், கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் ஆகாது. ஹான்சோலைத் திட்டாதே, இளைத்துவிட்டாய் என்றும் சொல்லாதே, கைத்தழும்பைக் கண்டால் கவனிக்காததுபோல் இரு. அவனும் நீயும் நாரியும் நீண்ட ஆயுளோடு, கை கால் சூட்டோடு இருக்க வேண்டும் என்று இந்தக் கிழவன் வேண்டிக்கொள்கிறேன்.

மறந்துவிடாதே, செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் அவனைத்தான் உள்ளே கொண்டுபோவார்கள். அவன் வயிற்றைத் திறந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் என்னைத் தொடுவார்கள். அதுவரைக்கும் நான் மயக்கமில்லாமல் அந்தக் கட்டிலில் தனியாகக் கிடக்க வேண்டும். போனை உன் அம்மா என் காதில் வைப்பாள், நீ கூப்பிடு. எதையாவது பேசு, நாரி என்ன செய்கிறாள் என்று சொல். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, மென்றுகொண்டே பேசு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா,
ஓக் சி-மான்