கூட்டத்தில் கேட்ட குரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் போனில் பேசுவதும் ஒலிபெருக்கி கட்டிப் பேசுவதும் ஒன்றுதான். நான் இங்கே வாயைத் திறந்தால் எதிர் வீட்டு வாத்தியார் அங்கிருந்தே பதில் சொல்கிறார். இது நாலு பேர் காதில் விழக்கூடாத விஷயம்.

முந்தாநாள் நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தைக்க வந்த பள்ளிச் சீருடைக்கு இடது கைத்துணியை வலது பக்கம் வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடியும் அப்படியே தைத்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அக்கா அங்கே அழுதால் நீ ஏம்மா இங்கே பாலைக் கொட்டுகிறாய் என்று உன் தம்பி கேட்கிறான், வாலு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே மூன்று தடவை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ சொன்னதையேதான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோடை விடுமுறைக்கு வீட்டுக்குக்கூட வராமல் அந்த இலவசக் கிளினிக்கில் பயிற்சிக்குச் சேர்ந்தாய். முதல் வாரமே மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். டோக்கன் எண்ணை மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் நெருக்குகிறது, ஒரு பையில் எண் அழிந்திருக்கிறது, நீ அதைத் தூக்கிக் காட்டி, டிபி மாத்திரை யாருக்குங்க என்று நம் வீட்டுக் குரலில் கேட்டுவிட்டாய். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருத்தியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்களாம். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவள்தான், மாத்திரையும் வாங்கவில்லை, கிளினிக்கிலிருந்து போன் போட்டாலும் எடுக்கவில்லை. நர்ஸம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலாம், பின்னறையில் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டார்கள், நான் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றாய்.

இதில் பாதி எங்கள் வளர்ப்பு. அச்சகத்து மிஷின் உன் அப்பாவின் காதைத் தின்ற நாளிலிருந்து இந்த வீட்டில் மெல்லப் பேசியவர் யார்? அவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாம் போய்ச் சேர்வதற்குள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எடுத்து வைத்திருப்பார். நோய் என்பது ஒருவர் ஒளித்து வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று உனக்கு எப்படித் தெரியும்? நேற்று நானும் மெதுவாகப் பேசிப் பழகலாம் என்று பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் உன் அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நான் என்ன தப்புப் பண்ணேன், எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கிறே என்று கேட்டார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. அப்புறம் பழையபடி கத்தித்தான் சமாதானம் செய்தேன். வாத்தியார் வீட்டுக்கும் சேர்த்துச் சமாதானம் ஆயிற்று.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறந்த அடுத்த வருஷம் எனக்கு வெள்ளைப்படுதல் அதிகமாகி நிற்கவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்களும் பெண்களுமாக நின்ற வரிசையில் கம்பவுண்டர் என் நோயைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் இல்லை என்பதுபோல் திரும்பி நடந்து வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் சரியாகிவிட்டது என்றேன். காய்ச்சலும் வலியும் வந்து, உன்னைத் தூக்கக்கூடக் கை எழவில்லை. அப்போது அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, என் சீட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்து நம் வீட்டுக்கு வந்தாள், சட்டை தைக்க வேண்டும் என்று துணியோடு. நான் அளவெடுத்தேன். ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும் என் பக்கமாகக் குனிந்து, "நாளைக்கு மத்தியானம் வாங்க. உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க, வாசல்லயே நான் நிப்பேன்" என்றாள். போனேன், நின்றாள். அந்தச் சட்டைக்கு நான் கூலி வாங்கவில்லை, அவளும் கொடுக்க மறந்ததுபோல் நடந்துகொண்டாள்.

இதைச் சொல்லி உன்னைத் தேற்றுவதாக நினைக்காதே. எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது. அன்றைக்குத் திரும்பி நடந்தவள் நான், அதனால் உன் அழுகையைவிட அந்தப் பெண்ணின் முதுகுதான் என் கண்ணில் நிற்கிறது. அந்த மாத்திரையை நடுவில் விடக்கூடாது என்று நீதானே சொன்னாய். வீட்டில் என்ன சொல்லியிருப்பாள்? குழந்தை குட்டி இருக்குமா? இருமும்போது எங்கே போய் இருமுகிறாள்? நீயாக அவள் வீட்டைத் தேடிப் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து வைக்காதே, பட்டதே போதும். நர்ஸம்மாவிடம் போய், யாரை அனுப்பினால் அவளுக்குச் சங்கடம் இல்லை என்று கேள். பெட்டி அடுக்கச் சொன்னால் அடுக்கு, ரோஷப்படாதே.

வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வருகிறது. கட்டிலில் புது விரிப்புகூடப் போட்டாயிற்று. உன் அப்பா டிக்கெட் எடுக்கட்டுமா என்று காலையிலிருந்து கேட்கிறார். வேண்டாம் என்றேன், சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். நீ கிளம்பி வந்துவிட்ட மறுநாள் அவள் மனசைத் தேற்றிக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தால், அவளுக்காக நிற்க வேண்டிய ஆள் நீதானே அம்மா?

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். அவள் வந்தால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு. பெயர் சொல்ல வேண்டாம், வந்தாள் என்று மட்டும் சொல்.

உன் வரவுக்கு ஏங்கிக்கொண்டே வராதே என்று எழுதும்,
அம்மா